இடது கைக்கு ஒரு நிமிடம்

வாரத்தில் மூன்று நாள், காலையிலிருந்து மதியம் வரை, என் வலது கை எனக்குச் சொந்தமில்லை. கோலசிலாங்கூரில் ஒரு கடை வரிசையின் கீழ்த்தளத்தில் இருக்கிறது, சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கான ரத்தச் சுத்திகரிப்பு மையம். அங்கே சாய்வு நாற்காலியில் படுத்து, கையை நீட்டி வைத்துவிட வேண்டும். இரண்டு ஊசி குத்துவார்கள். ஒன்றின் வழியாக ரத்தம் இயந்திரத்துக்குப் போகும், இன்னொன்றின் வழியாகத் திரும்பி வரும். கையைக் கொஞ்சம் மடக்கினாலும் இயந்திரம் கத்தத் தொடங்கிவிடும்.

அதிகம் பழக்கமில்லாத கையில்தான் இதற்காக அறுவை செய்து ரத்தக்குழாயைத் தயார்படுத்துவது வழக்கம். எனக்கும் முதலில் இடது கையில்தான் செய்தார்கள். ஒரு வருஷத்துக்குள் அது அடைத்துப்போனது. பிறகு வலது கைக்கு மாற்றினார்கள். "எழுதறது எந்தக் கைமா?" என்று மருத்துவர் கேட்டார். சொன்னேன். "வேற வழியில்ல லா" என்றார், கொஞ்சம் வருத்தத்தோடு. வருத்தப்பட ஒன்றுமில்லை என்றுதான் அப்போது நினைத்தேன். வேலையை விட்டாயிற்று. அந்தக் கைக்கு இனிமேல் என்ன வேலை?

உடம்புக்கு வருவதற்கு முன்னால் நான் ஓர் அச்சுக்கடையில் இருந்தேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழாப் பதாகை, கருமாதி அட்டை எல்லாவற்றையும் கணினியில் வடிவமைப்பது என் பொறுப்பு. பள்ளிக்கூடத்தில் நான் நன்றாக வரைவேன் என்பதைக் கேள்விப்பட்டுத்தான் முதலாளி என்னைச் சேர்த்துக்கொண்டார். வேடிக்கை என்னவென்றால், சேர்ந்த பிறகு நான் எதையும் வரையவே இல்லை. குத்துவிளக்கு ஒரு கோப்பில் இருந்தது. பிள்ளையாருக்கு ஒரு கோப்பு, மயில்களுக்கு ஒரு கோப்பு. எடுத்து ஒட்டுவேன், நிறத்தை மாற்றுவேன், பெயர்களை அடிப்பேன். எத்தனையோ பேருடைய கல்யாணம் என் கைவழியாகப் போனது. எனக்கு அமையவில்லை. அம்மாவோடு இருந்தேன். அம்மா போன பிறகு, எங்கள் தாமான் குடியிருப்பில் இருக்கும் அதே வரிசை வீட்டில் நான் மட்டும் இருக்கிறேன். தம்பி ஜொகூரில். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவான். "தண்ணி அளவாத்தான குடிக்கிற?" என்று கேட்பான். ஆமாம் என்பேன். அதற்கப்புறம் பேச எங்கள் இருவருக்கும் ஒன்றும் இருக்காது. அவன் பிள்ளைகள் பின்னால் சத்தம் போடுவது மட்டும் கேட்கும்.

சில நாள் சாயங்காலம் ஆகும்போதுதான், காலையிலிருந்து நான் வாயே திறக்கவில்லை என்பது உறைக்கும். அப்போது தொண்டையைச் செருமிப் பார்ப்பேன். குரல் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள.

அப்படி ஒரு நாள் கைப்பேசியில் எதையெதையோ தள்ளிக்கொண்டிருந்தபோது ஒரு காணொளி வந்தது. ரொம்ப நாளாக வரையாமல் விட்டவர்களுக்கு, வரையப் பயந்துபோய் இருப்பவர்களுக்கு என்று ஒரு பெண் பேசினாள். முகம் காட்டவில்லை, கை மட்டும்தான் தெரிந்தது. ஒரு பொருளை எடுத்து முன்னால் வை. அதையே பார். தாளைப் பார்க்காதே. பேனாவைத் தூக்காதே. ஒரு நிமிடம் ஆனதும் நிறுத்திவிடு. நன்றாக வந்திருக்கிறதா என்று கேட்காதே. வேண்டுமானால் கிழித்துப் போடு. இவ்வளவுதான் அவள் சொன்னது. அவள் வரைந்து காட்டிய தேநீர்க் குவளை நசுங்கிப்போன தகரடப்பா மாதிரி இருந்தது. அதைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை. அந்தக் கவலையில்லாத குரலுக்காகவே நான் அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டேன்.

சமையலறை மேசையில் ஒரு டம்ளரை வைத்தேன். கைப்பேசியில் ஒரு நிமிடத்துக்கு மணி வைத்தேன். வலது கையில் பேனா. தொடங்கியதுமே கண் திருட்டுத்தனமாகத் தாளுக்குப் போய்விட்டது. இரண்டு பக்கமும் அளவெடுத்த மாதிரி, மேலே ஒரு சுத்தமான வட்டம், ஓரத்தில் ஒரு மினுக்கு. இருபது வருஷமாகக் கணினியில் பார்த்த டம்ளர் அது. மேசையில் இருந்த டம்ளரில் ஓரத்தில் ஒரு நெளிவு உண்டு. அது படத்தில் இல்லை. மறுபடி வரைந்தேன். மறுபடியும் அதே விளம்பர டம்ளர். அடுத்து என் செருப்பை வரைந்தேன். அது செருப்புக்கடைப் பதாகையில் போடும் செருப்பாக வந்தது. பேனாவை மூடி வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டேன். என் கைக்கு அழகாகப் போடத்தான் தெரிகிறது, பார்க்கத் தெரியவில்லை என்று தோன்றியது. ரொம்பக் கசப்பாக இருந்தது.

மறுநாள் மையத்துக்குப் போகும்போது கைப்பையில் சில அட்டைகளை எடுத்துப் போட்டுக்கொண்டேன். அச்சுக்கடையில் தப்பாக அடித்துவிட்ட கல்யாணப் பத்திரிகைகள். முதலாளி வீணாகப் போட மாட்டார். எழுதிக்கொள்ள எங்களுக்குக் கொடுத்துவிடுவார். வீட்டில் ஒரு பெட்டி நிறையக் கிடந்தது. முன்பக்கம் பெயர்கள், பின்பக்கம் வெறுமை. தடிப்பான அட்டை என்பதால், கீழே எதுவும் வைக்காமல் தொடைமேல் வைத்தே வரையலாம்.

வலது கையில் ஊசி குத்தியாயிற்று. மிஸ்ஸி போர்வையை இழுத்துவிட்டுப் போனார். தாதியரை இங்கே எல்லாரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். குளிர்சாதனம் சில்லென்று அடித்தது. எதிரே தொலைக்காட்சியில் ஏதோ நாடகம். நான் இடது கையால் பேனாவைப் பிடித்தேன். பிடிக்கவே தெரியவில்லை. கரண்டியைப் பிடிக்கிற மாதிரி பிடித்து, பக்கத்தில் நின்ற இயந்திரத்தையே பார்த்துக்கொண்டு, தாளைப் பார்க்காமல் ஒரு நிமிடம் கோடு இழுத்தேன். மணி அடித்ததும் குனிந்து பார்த்தேன்.

மருந்துப் பைகளை மாட்ட வந்த மலாய்க்கார மிஸ்ஸியும் பார்த்துவிட்டார். "என்ன அக்கா இது, கோழியா?" என்று மலாயில் கேட்டார்.

"ஆமா. ரத்தம் குடிக்கிற கோழி" என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் தூங்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் விழித்துக்கொண்டார்கள். அட்டையைப் பிடுங்கிக்கொண்டு போய் மற்ற மிஸ்ஸிகளிடம் காட்டினார். என்னால் ஒருவர் சிரித்து எவ்வளவு காலம் ஆகியிருந்தது என்று நினைத்துப் பார்த்தேன். அச்சுக்கடையில் இருந்தபோதுகூட அப்படி நடந்ததாக நினைவில்லை.

அதிலிருந்து ஒவ்வொரு முறையும் ஒன்றிரண்டு வரைவேன். சாய்வு நாற்காலியில் படுத்திருப்பவருக்கு எதிர் வரிசையில் என்ன தெரியும்? முகங்கள் தெரியாது. போர்வைக்கு வெளியே நீட்டியிருக்கும் கால்கள்தான் தெரியும். அதனால் கால்களை வரைந்தேன். எனக்கு நேர் எதிரே சுங்கை செம்பிலாங் மீனவர் கிராமத்திலிருந்து வரும் சீனத்து அங்கிள். ஆயுசு முழுக்கப் படகில் வெறுங்காலோடு நின்றவர். கால்விரல்கள் ஒன்றோடொன்று சண்டை போட்ட மாதிரி ஆளுக்கொரு பக்கம் விரிந்து கிடக்கும். இடது கைக்கு அந்தக் கால் ரொம்பப் பிடித்துப்போனது.

"தங்கச்சி, அது என்னா?"

என் இடது பக்கத்து நாற்காலிக்காரர் அன்றைக்குத்தான் என்னிடம் முதன்முதலாகப் பேசினார். மாதக்கணக்காக நாங்கள் அடுத்தடுத்துப் படுத்திருந்தோம். தலையசைப்பதோடு சரி. அவர் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர் என்பது மிஸ்ஸிகள் பேசிக்கொண்டதில் தெரியும். அறுபதை நெருங்கும் வயது. சர்க்கரையில் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

"காலுண்ணே" என்றேன்.

"யாரு காலு?"

"எதிர்ல இருக்காருல்ல, அந்த அங்கிள் காலு."

அவர் அந்தக் காலையும் என் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். "இஞ்சி மாதிரி இருக்கு லா" என்றார்.

"தாளப் பாக்காம வரையறது. இப்படித்தான் வரும்."

"பாக்காம எதுக்கு வரையணும்? நான் பாக்காம லோரி ஓட்டியிருந்தா இன்னிக்கு இங்க படுத்திருக்க மாட்டேன்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு கையை நீட்டி அட்டையை வாங்கித் திருப்பினார். முன்பக்கத்தை எழுத்துக் கூட்டிப் படித்தார். "இந்தக் கல்யாணம் நடந்துச்சா இல்லையா?"

"நடந்துச்சு. மாப்பிள்ள அப்பா பேருல ஒரு எழுத்து தப்பாயிடுச்சு. அதான் வேற அடிச்சோம்."

"பொழச்சாங்க" என்றார். யார் பிழைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

அந்த வாரத்தில் காணொளிக்காரி இன்னொரு பயிற்சி சொல்லியிருந்தாள். பொருளை வரையாதே, பொருளுக்குப் பக்கத்தில் இருக்கிற வெற்றிடத்தை வரை. நாற்காலியை விட்டுவிட்டு அதன் கால்களுக்கு நடுவே தெரிகிற காற்றை வரை. நான் மருந்துப் பை மாட்டும் கம்பிகளுக்கு நடுவே தெரிந்த சுவரை வரைந்துகொண்டிருந்தேன். என்ன செய்கிறாய் என்று பக்கத்து நாற்காலி அண்ணன் கேட்டார். சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் அவருடைய போர்வை என் கண்ணில் பட்டது. ஒரு பக்கம் பாதம் வரைக்கும் மேடாக இருந்தது. இன்னொரு பக்கம் பாதியில் தட்டையாகிவிட்டது. ஏன்டா சொன்னோம் என்று ஆகிவிட்டது எனக்கு.

அவரும் தன் போர்வையைக் குனிந்து பார்த்தார்.

"அப்ப என்னையத்தான் வரையணும் நீ" என்றார். "எனக்குத்தான் வெற்றிடம் கைவசம் இருக்கு."

"அண்ணே, நான் அந்த அர்த்தத்துல..."

"அட, வரைமா. டாக்டர் எடுத்தாரு, ஆஸ்பத்திரில படம் புடிச்சாங்க. எவனும் வரையல."

வரைந்தேன். ஒரு நிமிடம். போர்வையின் மேட்டை விட்டுவிட்டு, தட்டையான இடத்தையும், அதற்கு மேலே நாற்காலியின் ஓரம் வரை இருந்த காற்றையும். அட்டையில் வந்தது ஏதோ தீவு மாதிரி இருந்தது. அவர் அதைக் கேட்டு வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "அரிக்குது இப்பயும்" என்றார் மெதுவாக. "இல்லாத காலு. ராத்திரி எழுந்து சொறியப் போவேன். சொன்னா நம்ப மாட்டாங்க."

"நான் நம்பறேன்" என்றேன்.

அடுத்த முறை அவர் ஒரு வண்ணப் பென்சில் பெட்டியோடு வந்தார். பள்ளிப்பிள்ளைகள் வாங்குவது. "கடக்காரன் எந்தக் கிளாஸுக்குன்னு கேட்டான்" என்றார். என் அட்டைகளில் பாதியை அவருக்குக் கொடுத்தேன். அவருக்கு ஊசி இடது கையில். வலது கை சும்மா இருந்தது. ஆனால் அந்தக் கை பேனா பிடித்தது ரொம்பக் குறைவு. அதனால் என் இடது கையும் அவர் வலது கையும் ஒரே தரத்தில் இருந்தன.

மாலைகளில் இருவரும் தனித்தனி வீட்டில் ஒரே மாதிரி உட்கார்ந்திருக்கிறோம் என்பது அப்படிப் பேசிப் பேசித்தான் தெரிந்தது. அவருக்கு மனைவி தவறிவிட்டார். பெஸ்தாரி ஜெயா பக்கம் வீடு. மகள் புஞ்சாக் ஆலாமில். "வந்து இருங்கப்பான்னு கூப்பிடுது. எனக்கு என் வாசல்ல உக்காந்தாத்தான் ரோட்டுல போற லோரி தெரியும்" என்றார். சாயங்காலம் ஆறு ஆறரைக்கு, இருட்டுவதற்கு முன்னால் வரும் அந்த நேரம்தான் ரொம்ப மோசம் என்றார். எனக்கும் அந்த நேரம்தான். ஆனால் அதுவரை நான் அதை யாரிடமும் சொன்னதில்லை. இன்னொருவருக்கும் அது உண்டு என்று நினைத்ததும் இல்லை.

ஒரு நாள் ஒரு விளையாட்டு கண்டுபிடித்தோம். யார் முதலில் சொன்னது என்று நினைவில்லை. சாப்பிடக்கூடாததை வரைவது. எங்களைப் போன்றவர்களுக்கு அந்தப் பட்டியல் நீளம். வாழைப்பழம் ஆகாது, இளநீர் ஆகாது, தக்காளி, டுரியான், கருவாடு எதுவும் ஆகாது. தண்ணீரே அளவுதான். ஒரு நிமிடம் வைத்தோம். தொடங்கு என்றேன். இருவரும் தலையைக் குனியாமல், தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டே வரைந்தோம்.

நான் இளநீர் வரைந்தேன், வெட்டிய வாயோடு. அவர் மஞ்சள் பென்சிலால் ஏதோ முள்முள்ளாகப் போட்டிருந்தார்.

"டுரியானாண்ணே?"

"பெலிம்பிங் பழம். பாத்தா தெரியல? நட்சத்திரம் மாதிரி."

"அது நமக்கு விஷம்னு சொல்லியிருக்காங்களே."

"அதான் பெருசா போட்டேன். ஒண்ணு தின்னா நேரா மேல போயிடலாம். டிக்கெட் வேணாம்."

எனக்கு அடக்க முடியவில்லை. சிரித்ததில் என் வலது கை அசைந்து இயந்திரம் கத்தத் தொடங்கியது. என்னைப் பார்த்து அவர் சிரிக்க, அவருடையதும் கத்தியது. இரண்டும் சேர்ந்து கத்தின. மிஸ்ஸி ஓடிவந்து, "இரண்டு பேரையும் தனித்தனியா உட்கார வைக்கணும்" என்று மலாயில் அதட்டினார். எதிரே இருந்த அங்கிள் என்ன என்று கேட்டார். படத்தைத் தூக்கிக் காட்டினோம். அவர் யோசித்துவிட்டு, தனக்கு உப்பு நண்டு வேண்டும் என்றார். அதை நாங்கள் இருவரும் சேர்ந்து வரைந்தோம். கால்கள் அதிகமாகிப் போயின. அன்றைக்கு மதியம் வீட்டுக்கு வந்து, உப்பில்லாத சோற்றைச் சாப்பிடும்போதும் எனக்கு உதட்டோரத்தில் சிரிப்பு இருந்தது.

இதையெல்லாம் தம்பிக்குப் படம் எடுத்து அனுப்பினேன். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மை ஒன்றை அனுப்பினான்.

பிறகு ஒரு திங்கட்கிழமை அந்த நாற்காலி காலியாக இருந்தது. புதன்கிழமையும். இந்த இடத்தில் நாற்காலி காலியானால் யாரும் கேள்வி கேட்க மாட்டோம். பதில் என்னவாக இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். கோழியைப் பார்த்துச் சிரித்த மிஸ்ஸி என் முகத்தைப் பார்த்துவிட்டு அவராகவே சொன்னார். "பயப்படாதீங்க அக்கா. மகள் வீட்டுக்குப் போயிட்டார். குளியலறையில விழுந்துட்டாராம். அடி பெருசா இல்ல. இனிமே புஞ்சாக் ஆலாம்லதான் செய்வார்."

உயிரோடு இருக்கிறார் என்று கேட்டதும் நெஞ்சு லேசானது. அப்புறம், அன்றைக்கு முழுவதும், அது கனத்துக்கொண்டே போனது. அவருடைய கைப்பேசி எண் என்னிடம் இல்லை. என்னுடையது அவரிடம் இல்லை. கேட்க வேண்டிய தேவை வரவில்லை. எப்படியும் நாளை மறுநாள் பார்க்கப்போகிறோம் என்றே இருந்துவிட்டோம். அவர் நாற்காலிக்கு ஒரு மலாய்க்கார அக்கா வந்தார். நல்லவர். உட்கார்ந்ததும் தூங்கிவிடுவார்.

நான் வரைவதை விட்டுவிட்டேன். விட வேண்டும் என்று முடிவெடுக்கவில்லை. அட்டைகள் பையில்தான் இருந்தன. கை போகவில்லை.

சில வாரம் கழித்து, சுத்திகரிப்பு இல்லாத ஒரு நாளில், வாடகைக் கார் வைத்துக்கொண்டு புஞ்சாக் ஆலாமுக்குப் போனேன். மிஸ்ஸியிடம் மையத்தின் இடத்தை விசாரித்து வைத்திருந்தேன். வழியெல்லாம் செம்பனை. பிறகு திடீரென்று உயரமான குடியிருப்புகள். பல்கலைக்கழகப் பிள்ளைகளின் மோட்டார் சைக்கிள்கள். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தபோது என்ன சொல்வதென்று நான் யோசித்தே வைத்திருக்கவில்லை.

"யாரைப் பார்க்கணும்?" என்றார் முகப்பில் இருந்த மிஸ்ஸி.

"ஓர் அங்கிள். இந்தியர். ஒரு கால் இருக்காது."

"இங்க அப்படி மூணு பேர் இருக்காங்க" என்றார். "பேர் என்ன?"

எனக்குத் தெரியவில்லை. அத்தனை மாதம் அண்ணே, அண்ணே என்று கூப்பிட்டிருக்கிறேன். ஒரு நாள்கூடப் பெயரைக் கேட்டதில்லை. ஊரில் உள்ளவர்கள் பெயரையெல்லாம் பிழையில்லாமல் அடித்துக் கொடுத்தவள் நான்.

"லோரி ஓட்டினவர்" என்றேன்.

"நீங்க குடும்பமா?"

"இல்ல. அங்க... பக்கத்து நாற்காலி."

அவர் என் வலது கையைப் பார்த்தார். சட்டைக் கைக்குக் கீழே புடைத்து நின்ற குழாயையும் பிளாஸ்திரிகளையும் பார்த்தார். "அஞ்சு நிமிஷம்" என்று கதவைத் திறந்துவிட்டார்.

அவர் கடைசி நாற்காலியில் இருந்தார். கன்னம் ஒட்டியிருந்தது. என்னைக் கண்டதும் கண் விரிந்தது. "தங்கச்சி! நீ எங்க இங்க? எப்படி வந்த?"

"கார்லண்ணே. சும்மா, பாத்துட்டுப் போலாம்னு."

"இந்த ஒடம்ப வச்சிக்கிட்டு இப்படி அலையலாமா? உக்காரு, உக்காரு." உட்கார நாற்காலி இல்லை. நின்றேன். விழுந்த கதையைச் சொன்னார். எதிர் அங்கிளை விசாரித்தார். வரைகிறீர்களா என்று கேட்டேன். "எங்கம்மா? பென்சிலெல்லாம் பேரப்பிள்ளைங்க எடுத்துக்கிச்சுங்க. இங்க டிவி பெருசு" என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்போது அவர் மகள் வந்தாள். கையில் சாப்பாட்டுப் பை. அலுவலக உடை. என்னைப் பார்த்ததும் நின்றாள். "அப்பா, ஹூ இஸ் திஸ்?" என்று கேட்டாள், குரலைத் தாழ்த்தி.

"அங்க பக்கத்துல இருந்தாங்க" என்றார் அவர்.

கொஞ்ச நேரத்துக்கு முன்னால் வரைக்கும் அவருக்கு நான் 'நீ'. இப்போது 'இருந்தாங்க'. மரியாதையான சொல்தான். அந்த மரியாதை எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு திரைபோல வந்து விழுந்தது.

"ஓ" என்றாள் மகள். "தேங்க்ஸ் ஆன்ட்டி, வந்ததுக்கு. சொந்தக்காரங்க யாராச்சும் இங்க இருக்காங்களா உங்களுக்கு?"

"இல்லமா. ஒரு வேலையா வந்தேன். அப்படியே..."

"ஓ, ஓகே."

அவள்மேல் எனக்குக் கோபமில்லை. யார் என்று தெரியாத ஒரு பெண் கார் பிடித்து வந்து அப்பா பக்கத்தில் நின்றால், யாராக இருந்தாலும் கேட்பார்கள். நான்கூடத் திரும்பிப் போகும்போது அதே கேள்வியைத்தான் என்னிடம் கேட்டுக்கொண்டேன். அவர் எனக்கு யார்? கதவருகே போனதும் அவர் பின்னாலிருந்து, "தண்ணி அளவா குடிமா" என்றார். எல்லாரும் எனக்குச் சொல்வதுதான் அது. அவர் சொன்னபோது மட்டும் எனக்கு அழுகை வந்தது. வெளியே வந்த பிறகுதான் அழுதேன்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. கார் வர நேரமாகும் என்று கைப்பேசி காட்டியது. கடைகளுக்கு முன்னால் இருந்த நடைபாதையில், ஒரு சலவைக்கடை வாசலில் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். மழைக்கு ஒதுங்கிய மாணவர்கள் அங்கங்கே நின்றார்கள். ஒருத்தி தலைத்துணியைப் பிழிந்தாள். ஒருவன் ஒற்றைக் காலில் நின்று காலணியில் இருந்த தண்ணீரைக் கொட்டினான். அழுவதை யாராவது பார்த்துவிடப் போகிறார்கள் என்று, குனிந்து எதையாவது செய்துகொண்டிருக்க வேண்டியிருந்தது. அட்டையையும் பேனாவையும் எடுத்தேன். அன்றைக்கு என் வலது கை என்னுடையதாகவே இருந்தது. அதிலேயே பிடித்தேன்.

காலணிக்காரனை வரையத் தொடங்கினேன். முதுகு வளைவைப் போட்டேன், தூக்கிய காலைப் போட்டேன். தலை வருவதற்குள் அவன் போய்விட்டான். அப்படியே விட்டுவிட்டு அடுத்த ஆளைப் பிடித்தேன். அவளும் போய்விட்டாள். இரண்டு கோடு, மூன்று கோட்டுக்கு மேல் யாரும் நிற்கவில்லை. அழகாகப் போட நேரமே இல்லை. என் வலது கைக்கு அவகாசம் கொடுத்தால்தானே அது விளம்பரம் போடும்? முழங்கை, குடை, குனிந்த கழுத்து. கார் வந்தபோது ஐந்தாறு அட்டை முழுக்க அரைகுறை மனிதர்கள். காரில் ஏறி அவற்றைப் பார்த்தேன். ஒருவருக்கும் முகம் இல்லை. ஆனால் எல்லாரும் நனைந்திருந்தார்கள். அது தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

அதற்கப்புறம் நான் அவரைப் பார்க்கவில்லை. அன்றைக்கு வெளியே வரும்போது என் எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதி அங்கிருந்த மிஸ்ஸியிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். கொடுத்தாரா, கொடுத்தும் அவர் கூப்பிடவில்லையா, தெரியாது. முதலில் கைப்பேசி அடிக்கும்போதெல்லாம் ஓடினேன். இப்போது ஓடுவதில்லை. மாலை ஆறரை இன்னும் மோசமாகத்தான் இருக்கிறது. அந்த நேரத்துக்கு என்று நான் எந்தப் பயிற்சியையும் வைத்துக்கொள்ளவில்லை. வைத்துப் பார்த்தேன், சரிவரவில்லை. அந்த நேரத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.

காலையில்தான் வரைகிறேன். மையத்து வேன் வருவதற்கு முன்னால் வாசல் கேட்டருகே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, யார் முதலில் தெருவில் வருகிறார்களோ அவர்களை. பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரர் காரைப் பின்னால் எடுப்பார். கார் எனக்குச் சலிப்பு. இன்றைக்குக் குப்பை லோரி வந்தது. பின்பக்கப் படியில் வங்காளதேசத்துத் தொழிலாளர்கள் இரண்டு பேர் ஒரு கையால் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தார்கள். ஒருவன் குதித்தான். நான் குதிப்பதை வரைந்தேன். தொட்டியைத் தூக்கினான். தூக்குவதற்குள் அடுத்த அட்டையை எடுத்தேன். கொட்டிவிட்டு அவன் திரும்பியபோது நான் அவனையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டான். என்ன என்பதுபோல் தாடையை உயர்த்தினான். பேனாவைத் தூக்கிக் காட்டினேன். புரிந்ததா தெரியவில்லை. லோரி நகர்ந்தது. அவன் ஓடிப்போய் ஏறிக்கொண்டான். பிறகு, தெருமுனை திரும்பும் வரை, கம்பியைப் பிடித்துக்கொண்டு, அசையாமல், படத்துக்கு நிற்கிறவனைப் போல விறைப்பாக நின்றான்.